ஹவுன்ஸ்லோவில் கீறிய கோயில்

1

போன கிழமை குடியுரிமை விண்ணப்பம் நிரப்பினோம். நிரப்பினோம் என்றால், என் மகள் நிர்மலா எழுதினாள், நான் பக்கத்தில் இருந்து பதில் சொன்னேன். அவளுக்குப் பதினெட்டு வயது. நான் இங்கிலீசில் யோசித்து யோசித்து ஒரு வசனத்தை முடிக்க முதலே அவள் எழுதி முடித்துவிடுவாள். பிறந்த இடம், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் விரைவாகப் போயின. நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தது: கடந்த ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு வெளியே போயிருந்தால் எந்த நாடு, எத்தனை நாள், என்ன காரணம்?

ஒரே ஒரு பயணம்தான். ஸாம்பியா, பத்தொன்பது நாள். காரணம் எழுத விட்டிருந்த பெட்டி தீப்பெட்டியளவு இருந்தது.

“ஹாலிடே எண்டு போடட்டா, அப்பா?”

“ஹாலிடே இல்லையே பிள்ளை.”

“பிசினஸ்?”

“அதுவும் இல்லை.”

அவள் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். பிறகு ‘ரிலிஜஸ்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தப் பயணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். உங்களில் சிலருக்கு நான் செய்தது பிடிக்காமலும் போகலாம். லண்டனிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை.

2

நான் ஊரில் கட்டிடத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, தபாற்கந்தோர் என்று பதினாறு வருடம் படம் கீறினேன். சண்டை மூண்டபின், எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து மனைவி புஷ்பமும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஹவுன்ஸ்லோவில் வீடு, விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் வேலை. தட்டின் ஒரு மூலையில் பாண், ஒரு மூலையில் வெண்ணெய், நடுவில் கறி. எது எங்கே வைக்க வேண்டும் என்பதற்குச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைக் கீறியவருக்கு அளவு வராது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் கீறத் தெரிந்தவன் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. கொஞ்சக் காலத்தில் எனக்கும் அது மறக்கத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்ததும் பின் மண்டபத்தில் தேத்தண்ணி தருவார்கள். பங்குச் சுவாமி பாதர் கெவின் ஐரிஷ்காரர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஒருநாள், ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

“ஐ ஆம் எ டிராஃப்ட்ஸ்மன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பலகையும் வட்டக் காய்களும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இங்கே ‘டிராஃப்ட்ஸ்’ என்றால் அந்த விளையாட்டு. நான் அதில் பெரிய ஆட்டக்காரன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக அவர் விளங்கியிருக்கிறார். இல்லை என்று சொல்ல இங்கிலீசு வரவில்லை, வெட்கமும் விடவில்லை. அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றேன். நிர்மலா அப்போது பத்து வயதுப் பிள்ளை. தன் அப்பா எல்லாருக்கும் முன்னால் தோற்பதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

நாலாவது ஆட்டத்துக்குக் காய் அடுக்கும்போது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கறுத்த, உயர்ந்த சுவாமி ஒருவர் சிரிக்கத் தொடங்கினார்.

“கெவின், இவர் ஆட்டக்காரர் இல்லை” என்றார். “எங்கள் நாட்டில் கட்டிடப் படம் கீறுகிறவரை இப்படித்தான் சொல்வோம். அப்படித்தானே?”

நான் தலையாட்டினேன். வெள்ளைக்காரன் எங்கள் இரண்டு நாட்டிலும் ஒரே சொல்லை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அந்தச் சுவாமியின் பெயர் பாதர் முலெங்கா. ஸாம்பியாவிலிருந்து இரண்டு வருடப் படிப்புக்கு வந்து, பாதர் கெவினின் வீட்டில் தங்கியிருந்தார். அன்றைக்கே என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். மண் சுவர்கள் கரைந்து விழுந்திருந்தன. புல்லுக் கூரை ஒரு பக்கமாக நிலத்தில் சரிந்து கிடந்தது. அதற்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் நல்ல உடுப்பு உடுத்தி வரிசையாக நின்றார்கள்.

“இது எங்கள் ஊர்க் கோயில்” என்றார். “மூன்று தடவை மழையில் விழுந்துவிட்டது. இப்போது ஒரு மரத்துக்குக் கீழே பூசை. சுட்ட செங்கல்லால் கட்ட வேண்டும் என்று சனங்கள் தீர்மானித்திருக்கிறார்கள். கல்லை அவர்களே அறுப்பார்கள். ஆனால் முறையான படம் இல்லாமல் அனுமதி கிடைக்காது. படம் கீறுகிற ஒருவரைத்தான் இத்தனை மாதமாகத் தேடுகிறேன்.”

என்னிடம் யாராவது ஏதாவது கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அதுவரை லண்டனில் நான்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்: வேலை, வீடு, பெனிபிட் காசு, தங்கும் அனுமதி. முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்கிறார். உடனே ஓம் என்றேன்.

3

பாதர் கெவின் பள்ளிக்கூடக் களஞ்சியத்திலிருந்து ஒரு பழைய வரைபலகையைத் தேடி எடுத்துத் தந்தார். அதைக் குசினி மேசையில் வைத்தால் சாப்பிட இடமில்லை. நாங்கள் ஆறு மாதம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். ஷிப்ட் முடிந்து மத்தியானம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் வெளிச்சம் போகும்வரை கீறுவேன். முதல் தாளில் ஒரே கோட்டை மூன்று தடவை அழித்து இழுத்தேன். இரண்டாவது தாளில் பழைய வேகம் வந்துவிட்டது.

புஷ்பம் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள். வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே படத்தைப் பார்ப்பாள்.

“இதென்ன, கதவா?”

“ஜன்னல்.”

“இவ்வளவு பெரிசா?”

“காத்து வரட்டும்.”

முதல் படம் முடிந்ததும் பாதர் முலெங்கா ஊருக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவர் கட்டுகிற ஊர் மேசன் புவால்யா சொல்லச் சொல்ல, அங்குள்ள பள்ளிக்கூட ஆசிரியை இங்கிலீசில் எழுதிய கடிதம். நிர்மலாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

‘ஐயா, உங்கள் படம் மிகவும் அழகானது. எல்லாரும் பார்த்தோம். ஆனால் சில விசயங்களைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வருடத்தில் அதிக மாதம் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். வாசலையும் நிழல் மண்டபத்தையும் நீங்கள் தெற்கில் வைத்திருக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே நிழல் இருக்கிறது. இரண்டாவது, மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். மேற்குச் சுவரில் ஆறு பெரிய ஜன்னல் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் நல்ல மனிதர் என்று பாதர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நாங்கள் ஏன் நனைய வேண்டும்?’

நிர்மலா சிரித்துச் சிரித்து வாசித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. படத்தை விரித்து வைத்துத் திரும்பப் பார்த்தேன். தெற்கு வாசல். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு முகம் கொடுத்து ஆறு ஜன்னல். பீடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கதவு. எனக்குத் தெரியாமலே எங்கள் ஊர்க் கோயிலைக் கீறி ஆபிரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு தெற்கே இருந்தது அந்த ஊர். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் மாறி நிற்க வேண்டும். பதினாறு வருட அனுபவமுள்ள எனக்கு அது தோன்றவில்லை. ஒரு நாளும் படம் கீறிப் படிக்காத மேசனுக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே ஒரு பெரிய கேள்விப் பட்டியல் எழுதினேன். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம், மண் என்ன மண், எத்தனை பேர் பூசைக்கு வருவார்கள், கைக்குழந்தைக்காரர் எங்கே இருப்பார்கள். நிர்மலா அதை இங்கிலீசாக்கி நல்ல எழுத்தில் எழுதினாள். அதற்குப் பதிலாக வந்த கடிதம் ஐந்து பக்கம். கூடவே, ஸாம்பியாவில் லீவு முடிந்து வந்த ஒரு கன்னியாஸ்திரியின் கையில் ஒரு பால்மாத் தகரம். உள்ளே சிவந்த மண் இருந்தது. கறையான் புற்று மண், எங்கள் கல்லெல்லாம் இதில்தான் என்று புவால்யா எழுதியிருந்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து உருட்டி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் காயவைத்தேன். மறுநாள் சுத்தியலால் தட்டித்தான் உடைக்க முடிந்தது. அதற்கு ஏற்ற சுவர்த் தடிப்பை அப்போதுதான் என்னால் தீர்மானிக்க முடிந்தது.

4

இரண்டாவது படம் பாதிக்கு வந்திருந்தபோது தங்கச்சியின் கடிதம் ஊரிலிருந்து வந்தது. செல் குண்டு விழுந்து எங்கள் கோயில் கூரை போய்விட்டது. பீடத்துக்கு மேலே மாத்திரம் கொஞ்ச ஓடு நிற்கிறது. ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, மாதா சுரூபத்தை எடுத்து ஆசிரியர் ஒருவரின் வீட்டில் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாள்.

அந்த மாதத் தமிழ்ப் பூசைக்கு லண்டனின் நாலாபக்கத்திலிருந்தும் எங்கள் பகுதிச் சனம் வந்திருந்தது. எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது அந்தோனிப்பிள்ளை மாஸ்டர் என்னிடம் வந்தார். எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். அப்டன் பார்க்கில் மகனோடு இருந்தார்.

“சேவியர், கேள்விப்பட்டது உண்மையோ? நீர் ஆபிரிக்காவுக்குக் கோயில் கீறுறீராம்.”

“ஓம் மாஸ்டர்.”

“எங்கட கோயில் கூரையில்லாமல் வெயிலுக்கை கிடக்கு. உமக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயில். அதை விட்டிட்டு ஆருக்கோ கீறிக்கொண்டிருக்கிறீர். உமக்கு வெக்கமா இல்லையோ?”

அவர் சத்தம் போடவில்லை. வகுப்பில் பிழையான விடைக்கு எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து வரைபலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். குசினி மேசையில் திரும்பவும் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். பாதர் முலெங்காவைக் கண்டால் ஷிப்ட் மாறிவிட்டது, நேரமில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

ஐந்தாறு கிழமை போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் புஷ்பம் மேசையைத் துடைத்துவிட்டு, தானே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, நான் ஒண்டு கேக்கட்டே?”

“கேள்.”

“எங்கட கோயிலுக்கு இப்ப நீங்கள் என்ன செய்ய ஏலும்? படம் கீறினால் ஆர் கட்டுறது? அங்கை ஒரு பை சீமெந்து போகவிடுறாங்களே?”

“ஏலாதுதான்.”

“அப்ப அந்தக் கையை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தால் எங்கட கூரை ஏறிவிடுமே? அந்தச் சனம் மரத்துக்குக் கீழை மழையிலை நிக்குது. மழையிலை நிக்கிறது எப்பிடியெண்டு இண்டைக்கு எங்கட சனத்துக்குத் தெரியும். கீறுங்கோ.”

நான் பலகையில் தாளைப் பொருத்தினேன். புஷ்பம் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து அன்று முழுக்கப் பயறில் கல் பொறுக்கினாள். எழும்பி ஓடிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

இரண்டாவது படத்தில் வாசல் வடக்கே போனது. மேற்குச் சுவரில் ஜன்னலே இல்லை, உயரத்தில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் காற்றுக்கு வழி வைத்தேன். தாய்மாருக்கென்று பின்பக்கத்தில் நிழல் மண்டபம், குழந்தை அழுதால் வெளியே வந்தும் பூசை காணலாம். புவால்யாவின் பதில் ஒரே வரியில் வந்தது: ‘இப்போது இது எங்கள் கோயில்.’

முடிவான படத்தை அனுப்புவதற்கு முன், ஒரு மாலை கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. திறந்தால் அந்தோனிப்பிள்ளை மாஸ்டர். அப்டன் பார்க்கிலிருந்து ரயில் மாறி மாறித் தனியாக வந்திருந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். ஊர்க் கதை கொஞ்சம் கதைத்தார். பிறகு,

“அந்தப் படத்தை ஒருக்காக் காட்டும் பாப்பம்” என்றார்.

விரித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு தாளில் முட்டுமளவுக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எல்லா அளவையும் மனதுக்குள் கூட்டிக் கழிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“பீடத்துப் படி ஏழு அங்குலம் போட்டிருக்கிறீர்.”

“ஓம்.”

“என்ர வயசுக்காரர் ஏறமாட்டினம். நற்கருணைக்கு எல்லாரும் ஏற வேணுமல்லோ. ஒரு படியைக் கூட்டி உயரத்தைக் குறையும்.”

நான் அழித்து மாற்றினேன். மாஸ்டர் மாற்றியதைச் சரிபார்த்துவிட்டு, சரி என்று எழும்பினார். அன்று வெட்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவரை ஸ்டேஷன் வரை கூட்டிக்கொண்டு போய் ரயில் ஏற்றிவிட்டேன்.

5

பாதர் முலெங்கா படத்தோடு ஊருக்குத் திரும்பினார். பிறகு நாலு வருடம் கடிதங்களிலேயே அந்தக் கோயில் வளர்ந்தது. முதல் வருடம் அறுத்த கல்லைச் சூளையில் வைப்பதற்குள் மழை முந்திவிட்டது. எல்லாம் திரும்பவும் மண்ணாகிவிட்டது. ‘யாரும் அழவில்லை, மழை முடிந்ததும் அதே மண்ணை மிதித்தோம்’ என்று ஆசிரியை எழுதினார். அடுத்த வருடம் சூளை எரிந்தது. பெண்கள் ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்களாம். பிறகு அத்திவாரம், பிறகு சுவர் இடுப்பளவு, பிறகு கழுத்தளவு.

ஒவ்வொரு கடிதத்துக்கும் என்னிடம் இருந்த படப் பிரதியில் அந்த இடம் வரை பென்சிலால் நிறம் தீட்டி வைப்பேன். வேலையிடத்தில் தட்டுக்குத் தட்டு வெண்ணெய் வைக்கும்போது மனம் அங்கே சுவரில் கல் வைத்துக்கொண்டிருக்கும். அந்த வருடங்களில் வேலை எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. நான் கீறுகிற விசயத்தைச் சொன்ன நாள் முதல் மத்தியான ஷிப்டுக்கு என்னை மாற்றவேயில்லை. இப்படி உதவியவர்களுக்கெல்லாம் நான் எப்போது நன்றி சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சரியாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

ஆனால் அதே வருடங்களில் நிர்மலா தூரமாகிக்கொண்டிருந்தாள். முதலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நின்றது. பிறகு ஞாயிற்றுப் பூசை. கடிதங்களை இங்கிலீசாக்கித் தரச் சொன்னால், பாடம் இருக்கிறது, நாளைக்கு என்பாள். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோ பாடுவது மாதிரி இருக்கும். பிறகு கடிதங்களை நானே அகராதியோடு எழுதினேன். ‘சுவர் உயர்ந்து வருவதில் மகிழ்ச்சி’ என்பதற்கு ‘ஹை’ என்ற சொல்லைப் போடப்போய், ‘சுவர் போதையில் இருப்பதில் மகிழ்ச்சி’ என்று விளங்கக்கூடிய மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறேன். புவால்யா, ‘எங்கள் சுவர் நேராகத்தான் நிற்கிறது, தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துவிட்டோம்’ என்று பதில் போட்டிருந்தார்.

தொண்ணூற்றைந்தில் கூரைத் தகடு ஏறியது. ஆவணியில் திறப்பு, நீங்கள் வர வேண்டும் என்று பாதர் முலெங்கா எழுதினார். அந்த வருடம்தான், அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் பயணப் பத்திரம் எனக்குக் கையில் கிடைத்திருந்தது. அதுவரை கடலைத் தாண்டி எங்கும் போக முடியாமல் இருந்தேன். புஷ்பத்துக்கு லீவு கிடைக்கவில்லை. “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள். நிர்மலா மறுப்பாள் என்று நினைத்தேன். “ஓகே” என்றாள். ஏன் சம்மதித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்று பயம்.

6

லுசாகா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் பயணப் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நீங்கள் பிரிட்டிஷ்காரரா?”

“இல்லை. அங்கே இருக்கிறேன்.”

“சிலோன்காரரா?”

“ஓம். ஆனால் அங்கே போக முடியாது.”

“அப்போ இங்கே எதற்கு வந்தீர்கள்?”

“கோயில் திறக்க.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். எந்தக் கோயில், எந்த மாகாணம், யார் கட்டியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் படம் கீறியவன் என்றதும் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். என் பையில் இருந்த படத்தை அந்த மேசையில் விரித்தோம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நிர்மலா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் அதிகாரி முத்திரை குத்தி, தன் மனைவியும் அந்த வடக்குப் பக்கம்தான், தனக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பாதர் முலெங்காவின் பழைய வாகனத்தில் ஒரு முழுப் பகலும் அடுத்த நாள் பாதியும் பயணம். ஊர்ப் பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேடுவீர்கள், இருக்காது. மரங்களுக்கு நடுவே பாதை திரும்பியதும் அது நின்றது. சிவப்பு. நான் கீறியது கறுப்புக் கோட்டில், வெள்ளைத் தாளில். அது இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததேயில்லை. வாகனம் நிற்க முதலே பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். நிர்மலா என் கையைப் பிடித்தாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனையோ வருடம்.

புவால்யா கூட்டத்தின் பின்னால் நின்றார். என் வயதுதான் இருக்கும், குள்ளமான மனிதர். காதில் பென்சில் செருகியிருந்தது. கைகொடுத்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவு நிலையைக் கையால் தட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். படத்தில் போட்டதைவிட அகலமாக இருந்தது.

பாதர் முலெங்கா மொழிபெயர்த்தார். “ஒரு விசயத்தை உங்களுக்கு எழுதவில்லை என்கிறார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல் தள்ளிவிட்டாராம். சவப்பெட்டியும் அதைத் தூக்குகிறவர்களும் சேர்ந்து போக வேண்டும். இந்த நாட்களில் எங்களுக்கு அது அடிக்கடி தேவைப்படுகிறது.”

அந்த வருடங்களில் அங்கே இளம் ஆட்கள் நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். வரும் வழியில் பார்த்த புது மண் மேடுகள் அப்போதுதான் எனக்கு விளங்கின. கடிதம் எழுதிய ஆசிரியையும் அந்த வருடம் மாசியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் அவருக்கென்று லண்டனில் ஒரு பேனை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய தாயிடம் கொடுத்தேன். அந்த அம்மா அதைத் தலைத்துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

திறப்பு விழாப் பூசை நாலு மணித்தியாலம் நடந்தது. பாட்டு, நடனம், பாட்டு. பெண்கள் கூடையில் சோளமும் நிலக்கடலையும் உயிர்க் கோழியும் காணிக்கையாக ஆடி ஆடிக் கொண்டுவந்தார்கள். நற்கருணை நேரம் வயது போன ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு பீடத்துக்கு ஏறினார். ஒருவரும் பிடிக்கவில்லை, தானாகவே ஏறினார். நான் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். லண்டனுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் போய் அவருக்குச் சொன்னேன்.

பூசைக்குப் பிறகு எல்லாரும் கோயிலின் நிழலில் இருந்து சாப்பிட்டோம். நிர்மலா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். யாரோ தங்கள் துணியை அவள் இடுப்பில் சுற்றிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியையோடு இங்கிலீசில் ஏதோ கதைத்தாள். அந்த ஆசிரியை அதைப் பெம்பா மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னாள். கதை ஒருவரிடமிருந்து ஒருவராக எங்கள் பக்கம் வந்தது. பேச்சு மெல்ல மெல்ல அடங்கி, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாதர் முலெங்கா என்னிடம் குனிந்தார். “உங்கள் ஊர்க் கோயிலுக்குக் கூரையில்லையா? இத்தனை வருடம் எனக்குச் சொல்லவில்லையே.”

நான் நிர்மலாவைப் பார்த்தேன். அவள் எனக்குக் கேட்கும்படி, தமிழில் சொன்னாள்: “நான்தான் சொன்னனான் அப்பா. மாஸ்டர் உங்களை ஏசினதையும் சொன்னனான்.”

அவளுக்கு அது தெரியும் என்றே எனக்குத் தெரியாது. பதினொரு வயதில் கேட்டதை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாள்.

புவால்யா சாப்பாட்டுத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். என் முன்னால் வந்து உட்கார்ந்து, நிதானமாக நீளமாகப் பேசினார். பாதர் முலெங்கா கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்.

“நேரம் வரும்போது எழுதுங்கள் என்கிறார். அவரும் இன்னும் மூன்று பேரும் வருவார்களாம். மூவரும் நல்ல மேசன்மார். சாப்பாடும் படுக்க இடமும் போதுமாம். பஸ்ஸில் எத்தனை நாள் என்று கேட்கிறார்.”

நடுவில் கடல் இருக்கிறது, சண்டை நடக்கிறது, சீமெந்து போகாது, விசா என்று ஒன்று இருக்கிறது, எனக்கே அங்கே போக வழியில்லை. இவ்வளவையும் எந்த மொழியில் எங்கிருந்து தொடங்குவது? வாயைத் திறந்தேன். நிர்மலா எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா.”

“ஓம்” என்றேன்.

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. புவால்யாவுக்கு விளங்கிவிட்டது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சீமெந்துப் பைக் கடதாசித் துண்டை எடுத்து முழங்காலில் விரித்து, என்னிடம் ஒரு சொல் கேட்டார்.

“நீளம்” என்றார் பாதர் முலெங்கா.

எழுபதுகளில் எங்கள் கோயிலுக்கு ஓடு மாற்றியபோது நாடாவைப் பிடித்து அளந்தவன் நான். ஒரு அங்குலமும் மறக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு அடி என்றேன். புவால்யா அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். பிறகு நிமிர்ந்து, அகலத்தைக் கேட்டார்.